போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

அமெரிக்கத் தென்மேற்கைச் சுற்றிப்பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் ஃபீனிக்ஸிலும் டென்வரிலும் குடியிருக்கும் நீங்கள், மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நியூ மெக்சிகோ பக்கம் வருகிறீர்கள். வெள்ளை மணல்மேடுகள், சான்டா ஃபேயின் மண்சுவர் வீடுகள், டாவோஸ், அப்படியே மேற்கே போய் கிராண்ட் கேன்யன். வழியில் பியூப்லோ என்னும் பழங்குடி ஊர் ஒன்றில் அன்று ஊர்த் திருவிழா, நடனம் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு அங்கேயும் வண்டியைத் திருப்புகிறீர்கள். நல்ல காரியம். அல்புகர்கியில் நெடுநாளாக இருப்பவள் என்ற முறையில் நானே பல குடும்பங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சென்ற கோடையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோதான் இந்த மடலை எழுத வைத்தது. துப்பட்டாவுக்குள் போனை மறைத்து எடுத்தது. அரை நிமிடம்கூட இருக்காது. ஓரத்தில் துப்பட்டாவின் சரிகை ஆடுகிறது. அதற்கு அப்பால் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று சோள நடனம் ஆடுகிறார்கள். படம் எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவு கூடாது, வரையவும் கூடாது என்று ஊர் வாசலிலேயே பலகை இருக்கும். அதைத் தாண்டித்தான் அந்தப் போன் உள்ளே போயிருக்கிறது. வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்கமாட்டார். பார்த்ததை ஊருக்குக் காட்டும் ஆசைதான். ஆனாலும் அது தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று புரிய, அந்த மக்களே தங்கள் நடனத்தை நமக்கு எப்படிக் காட்டினார்கள் என்று தெரிய வேண்டும்.

ஆமாம், காட்டியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பே, தாளில், நீர்வண்ணத்தில், தங்கள் கையால். எதை வரைவது, எதை வரையாமல் விடுவது என்று அவர்களே முடிவு செய்து வரைந்து தந்த படங்கள் அவை. நடனங்களுக்கு அரசாங்கமே தடை போட முயன்ற காலத்தில் வரைந்தவை. உங்களில் மிகப் பலர் அவற்றைப் பார்க்காமலே சான்டா ஃபேயிலிருந்து திரும்பிவிடுகிறீர்கள். அதுதான் என் ஆதங்கம்.

பியூப்லோ என்பது ஒரே இனக்குழு அல்ல. நியூ மெக்சிகோவில் மட்டும் 19 பியூப்லோக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ரியோ கிராண்டே ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டியவை. அரிசோனாவின் மேட்டு நிலத்தில் ஹோப்பி ஊர்கள். டேவா, டிவா, டோவா, கேரெஸ், சூனி, ஹோப்பி என்று மொழிகள் வேறு வேறு. 1680இல் இந்த ஊர்களில் பெரும்பாலானவை ஒன்றுசேர்ந்து ஸ்பானியரை விரட்டின. நடனத்தையும் வழிபாட்டையும் பாதிரிமார் ஒடுக்கியது அந்தக் கிளர்ச்சிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பன்னிரண்டு வருடம் கழித்து ஸ்பானியர் திரும்பி வந்தார்கள். நடனம் நிற்கவில்லை. கத்தோலிக்கப் புனிதரின் நாளில் காலையில் தேவாலயப் பூசை, பிறகு ஊர் நடு முற்றத்தில் சோள நடனம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. நீங்கள் பார்க்கும் திருவிழா அதுதான்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். சான்டா ஃபேயிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் சான் இல்டிஃபான்சோ என்ற ஊர். 1900ஐ ஒட்டி அங்கிருந்த பகல்நேரப் பள்ளியில் எஸ்தர் ஹாய்ட் என்ற ஆசிரியை இருந்தார். பிள்ளைகளிடமிருந்து அவர்கள் பண்பாட்டைக் கழற்றி எறிய வேண்டும் என்பதே அன்றைய அரசுப் பள்ளிகளின் கொள்கை. அவரோ பிள்ளைகளுக்கு வண்ணமும் தாளும் கொடுத்து, ஊரில் பார்த்த நடனங்களை வரையச் சொன்னார். அங்கே படித்த பிள்ளைகள் சிலர் பின்னால் பெயர் பெற்ற ஓவியர்கள் ஆனார்கள். அதற்காக ஆசிரியைதான் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தார் என்று சொல்ல நான் தயாரில்லை. மண்பானையில் கோடு இழுத்துப் பழகிய ஊர் அது. ஓவியத்துக்கு அவர்கள் புதியவர்கள் அல்லர். நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலத்தடி வழிபாட்டு அறைகளான கீவாக்களின் சுவர்களில் வரைந்தவர்களின் வழித்தோன்றல்கள். அல்புகர்கிக்கு வடக்கே குவாவா என்ற பாழூரில் 1930களில் அகழ்ந்தபோது அப்படிப்பட்ட சுவரோவியங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. தாளும் நீர்வண்ணமும் மட்டுமே அவர்களுக்குப் புதிது.

கிரெசென்சியோ மார்டினெஸ் அந்த ஊர்க்காரர். எட்கர் லீ ஹீவெட் என்ற தொல்லியலாளர் பக்கத்துப் பீடபூமியில் நடத்திய அகழாய்வுகளில் கூலிக்கு வேலை பார்த்தவர். கிடைத்த அட்டைத் துண்டுகளில் நடனக்காரர்களை வரைவாராம். 1917இல் ஹீவெட் அவருக்கு நல்ல தாளும் வண்ணமும் வாங்கிக் கொடுத்து, ஊரின் குளிர்கால, கோடைக்கால நடனங்களை வரிசையாக வரையக் கேட்டார். கிரெசென்சியோ வரைந்தார். 1918இல் இறந்துபோனார். அந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் அவருடைய மருமகன் முறையான அவா சிரே. பள்ளிப் பதிவேட்டில் அல்ஃபோன்சோ ராய்பால். 1898இல் பிறந்தவர். அம்மா பானை வனைய, மகன் அதில் சித்திரம் எழுதுவார்.

அந்தப் பழக்கம் படத்தில் தெரியும். அவா சிரேயின் கோட்டைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நடுக்கமே இல்லாத ஒற்றை இழுப்பு. முதலில் பென்சிலால் மெல்லிய வரை, பிறகு அதற்குள் மட்டமாக ஒரே வண்ணம், கடைசியில் முடியளவு தூரிகையால் நுணுக்கம். நிழல் கிடையாது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது கிடையாது. தூரத்தில் இருப்பவர் சிறிதாகவும் கிட்டத்தில் இருப்பவர் பெரிதாகவும் தெரியும் ஐரோப்பியக் கணக்கும் பெரும்பாலான படங்களில் இல்லை. ஆடுபவர் எல்லாரும் ஒரே உயரம், ஒரே முக்கியத்துவம்.

ஒரு சோள நடனப் படத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஓவியர்கள் ஏறக்குறைய எல்லாருமே திரும்பத் திரும்ப வரைந்தது இது. ஆண் இடுப்பில் வெள்ளைப் பருத்தித் துணி, அதன் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பூவேலை. அதன்மேல் வெள்ளைக் கச்சை. கச்சையின் நீளக் குஞ்சங்கள் காலோரம் தொங்குகின்றன. அவை பெய்யும் மழை என்று அவர்களே பொதுவில் சொல்வார்கள். பின்புறம் நரித்தோல் தொங்கும், வால் தரையைத் தொடுமளவுக்கு. முழங்காலுக்குப் பின்னால் ஆமையோட்டுக் கிலுகிலுப்பை, கணுக்காலில் ஸ்கங்க் மயிர்ப்பட்டை, வலது கையில் சுரைக்குடுக்கை, இடது கையில் பசுமாறா மரத்தின் கொப்பு. பெண்ணுக்கு ஒரு தோளை மூடி மறுதோளைத் திறந்த கறுப்புச் சேலையுடுப்பு, இடுப்பில் சிவப்புக் கச்சை, இரண்டு கையிலும் கொப்பு. தலையில் டேப்ளிட்டா என்னும் மெல்லிய மரப்பலகை, நீலப்பச்சை வண்ணம் பூசியது, மேல்விளிம்பு மேகப் படிக்கட்டுபோல் வெட்டியது. அவள் வெறுங்காலோடு ஆடுகிறாள். ஆண்களுக்குக் காலணி உண்டு. பெண்ணின் பாதம் மண்ணை விட்டு எழும்புவதே இல்லை என்று சொல்லலாம். ஆணின் கால் மட்டும் தூக்கிய நிலையில் இருக்கும். இந்த வேறுபாட்டைப் படத்தில் தேடுங்கள். பெரும்பாலும் தவறாமல் இருக்கும்.

பக்கத்தில் பருத்திமரத்தைக் குடைந்து தோல் போர்த்திய பெரிய முரசு, பாடும் ஆண்களின் கூட்டம், நீண்ட கழியில் கட்டிய கொடி. சில படங்களில் உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டை பூசிய கோஷாரே இருப்பார்கள். தலைமயிரைச் சோளத்தோகையோடு சேர்த்து இரண்டு கொண்டையாக முடிந்திருப்பார்கள். சிரிக்க வைப்பவர்கள், ஒழுங்கு காப்பவர்களும் அவர்களே. நரித்தோலின் ஒவ்வொரு மயிரும், பூவேலையின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் ஆடுபவர்களின் காலடியில் தரை இருக்காது. பின்னால் வீடு இல்லை, தேவாலயம் இல்லை, மலை இல்லை, வானம் இல்லை, பார்வையாளர் கூட்டம் இல்லை. வெறும் தாள்.

இதை அந்தக் கால விமர்சகர்கள் சிலர் குழந்தைத்தனம், பழமையின் வெகுளித்தனம் என்றெல்லாம் மெச்சினார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் அந்த வெற்றிடம் வேறு மாதிரி தெரியும்.

1883இலேயே அமெரிக்க அரசு பழங்குடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. ரேஷன் நிறுத்தம், சிறை என்று தண்டனைகளும் விதித்தது. 1921இல் பழங்குடி விவகாரத் துறை ஆணையர் சார்லஸ் பர்க் நடனங்களைக் கட்டுப்படுத்தச் சுற்றறிக்கை விட்டார். 1923இல் அதற்கொரு துணைச் சுற்றறிக்கை. அதோடு பாதிரிமார் கூடி எழுதிய பரிந்துரைகளும் சேர்ந்து வந்தன. மாதம் ஒரு நடனத்துக்குமேல் கூடாது. அதுவும் வாரத்தின் நடுவில், பகலில்தான். உழவுக்கும் அறுப்புக்குமுரிய மாதங்களில் நடனமே கூடாது. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடவும் கூடாது, அங்கே நிற்கவும் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். கிழவர்கள் மட்டும் ஆடிவிட்டுச் செத்துப்போகட்டும், பிள்ளைகள் கண்ணில் படவே வேண்டாம் என்பதுதான் அதன் உள்நோக்கம். நடனங்கள் ஆபாசமானவை என்று வாக்குமூலங்களைத் திரட்டி ஒரு ரகசியக் கோப்பும் அதிகாரிகளிடம் சுற்றிக்கொண்டிருந்தது. டாவோஸில் கீவாப் பயிற்சிக்காகச் சிறுவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வழக்கத்தையும் தடுக்கப் பார்த்தார்கள். பியூப்லோக்கள் கூடிப் பேசி, மத உரிமை கேட்டு எதிர்த்தார்கள். 1934இல்தான் புதிய ஆணையர் ஜான் காலியர் அந்தக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டார். பழங்குடிகளின் சமய சுதந்திரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது 1978இல்.

இந்தத் தடைகள் இருந்த ஆண்டுகளில்தான் அவா சிரே சோள நடனத்தை வரைந்துகொண்டிருந்தார். ஒரு கை தடைபோட, இன்னொரு கை காசு கொடுத்து வாங்கியது. 1920இல் நியூயார்க்கில் சுயேச்சை ஓவியர் சங்கத்தின் கண்காட்சியில் இந்தப் படங்கள் தொங்கின. 1932இல் வெனிஸ் பினாலேயில் அமெரிக்க அரங்கில் இடம்பெற்றன. ஆடுபவன் இளைஞன் என்றால் குற்றம், அவனே அதை வரைந்தால் கலை. இந்த முரண்பாட்டின் நடுவில் அமர்ந்து அத்தனை அமைதியாக ஒரு கோடு இழுத்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

சாஷா ஸ்காட் என்ற கலை வரலாற்றாசிரியர் அவா சிரேயின் படங்களை ஆராய்ந்து, அவற்றில் ஓசையில்லாத எதிர்ப்பு இருப்பதாக எழுதியிருக்கிறார். வெளியார் பார்க்கலாம் என்ற நடனங்களை வரைந்தார், அதிலும் இடத்தையும் சடங்கின் போக்கையும் விட்டுவிட்டார். உடையை நூலிழை விடாமல் காட்டி, மற்றதைக் காட்டாமல் காத்தார். பிற்காலத்தில் வானவில்லின்மேல் கோஷாரேக்கள் ஏறி நிற்பதுபோலவும் அலங்கார விலங்குகளையும் வரைந்தார். அவற்றைப் பார்த்து யாரும் எந்தச் சடங்கையும் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு இந்த வாசிப்பு சரியாகப் படுகிறது. வெற்றுத்தாள் அவர்களுடைய வேலி. நமக்கு எவ்வளவு போதும் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதுவரைக்கும் வரைந்திருக்கிறார்கள்.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டெசர்ட் வியூ காவற்கோபுரத்தில் ஏறியிருப்பீர்கள். உள்ளே முதல் மாடிச் சுவரில் இருக்கும் ஹோப்பி ஓவியங்களின் முன்னால் நின்று படமும் எடுத்திருப்பீர்கள். அங்கே எடுக்கலாம், தடையில்லை. அவற்றை 1930களின் தொடக்கத்தில் வரைந்தவர் ஃப்ரெட் கபோட்டி. ஷுங்கோபாவி என்ற ஹோப்பி ஊரில் பிறந்தவரை 1915இல் சான்டா ஃபே பழங்குடி விடுதிப்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊர் மொழி பேசக் கூடாது, ஊர் வழிபாடு கூடாது என்ற பள்ளிகள் அவை. அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் டிஹஃபின் மனைவி எலிசபெத், 1918இல் சில பையன்களைத் தன் வீட்டு வரவேற்பறைக்கு அழைத்து வரைய உட்காரவைத்தார். பையன்கள் வீட்டு நினைவில் வரைந்தது நடனக்காரர்களை. பழங்குடி விவகாரத் துறைக்கு அது பிடிக்கவில்லை. ஊர் ஏக்கத்தில்தான் காச்சினா என்னும் ஆவி உருவங்களை வரைந்தேன் என்று கபோட்டி வயதான பிறகு தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்.

டோனிட்டா பெனியாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது. 1893இல் சான் இல்டிஃபான்சோவில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் இறக்க, கோச்சிட்டி ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சித்தி மார்டினா விஹில் பேர்பெற்ற குயத்தி. பெண் என்றால் பானை. உருவங்களை வரைவது ஆண்களின் வேலை. அந்த வழக்கத்தை மீறித் தாளில் நடனத்தை வரைந்த முதல் பியூப்லோப் பெண் இவர். ஊரில் முணுமுணுப்பு இருந்தது. மூன்று திருமணம், பிள்ளைகள், வயல்வேலை, அடுப்படி, இவ்வளவுக்கும் நடுவில் வரைந்து ஹீவெட்டுக்குத் தபாலில் அனுப்பினார். இவர் கூட்டத்தை வரைந்தார். முரசடிப்பவர் உடம்பைச் சற்று முன்னால் சாய்த்திருப்பார், பாடுபவர்களின் வாய் திறந்திருக்கும், ஆடுபவர்களில் ஒருவரின் தலை மற்றவரைவிட அரை விரல் திரும்பியிருக்கும். வரிசை ஒழுங்காக இருக்கும், ஆனால் அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. இந்த ஓவியர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் யார் என்று கேட்டால் தயங்காமல் இவர் பெயரைச் சொல்வேன். 1949இல் இறந்தார். மகன் ஜோ ஹெரேரா பிறகு பழைய கீவாச் சுவரோவியங்களிலிருந்து தனக்கென ஒரு நவீன நடையை எடுத்துக்கொண்டார்.

வேலி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

அல்புகர்கிக்குச் சற்றுத் தெற்கே இஸ்லெட்டா. 1930களின் நடுவிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர், வெளியார் பார்க்கவே கூடாத சடங்குகளை நீர்வண்ணத்தில் வரைந்து, எல்சி க்ளூஸ் பார்சன்ஸ் என்ற மானுடவியலாளருக்கு ரகசியமாகத் தபாலில் அனுப்பினார். வறுமை ஒரு காரணம். ஊருக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற பயம் அவரை விடவேயில்லை. பார்சன்ஸ் 1941இல் இறந்தார். 1962இல் அந்தப் படங்கள் நூறுக்கும் மேல் ஒரு நூலாக வெளிவந்துவிட்டன. வரைந்தவர் பெயர் இப்போது ஆய்வு நூல்களில் இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை. அந்த நூலைத் தேடிப் போகாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

சியா ஊரின் வெலினோ ஷிஹே ஹெரேரா இன்னொருவர். கபோட்டியோடு டிஹஃப் வீட்டில் வரைந்தவர், நல்ல ஓவியர். நியூ மெக்சிகோ மாநிலக் கொடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிவப்புச் சூரியன் இருக்கிறதே, அது சியா மக்களின் புனிதச் சின்னம். ஊரைக் கேட்காமலே 1925இல் கொடியில் ஏற்றினார்கள். அதை வெளியாருக்குக் கொடுத்தவர் வெலினோதான் என்று ஊர் அவர்மேல் குற்றம் சாட்டியது. அந்த வடிவம் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய சியாப் பானை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனாலும் மனக்கசப்பு அவரைவிட்டு நீங்கவில்லை. இன்று அந்தச் சூரியன் காபிக் கோப்பையில் இருக்கிறது, குழாய்ப் பணியாளரின் வேனில் இருக்கிறது, நீங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் சட்டையிலும் இருக்கிறது. சியா மக்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்குப் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1932இல் டோரத்தி டன் என்ற ஆசிரியை சான்டா ஃபே பள்ளியில் ஓவியக்கூடம் தொடங்கினார். நிழலற்ற, பின்னணியற்ற அந்த நடையே சரியான பழங்குடி நடை என்று அங்கே ஆகிவிட்டது. பெரியவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொண்டது பிள்ளைகளுக்குப் பாடமானது. அதில் கொஞ்சம் உயிர் போயிற்று என்பது என் கருத்து. ஆயினும் அங்கிருந்துதான் சான்டா கிளாராவின் பாப்லிட்டா வெலார்டே வந்தார். பேன்டெலியர் தேசிய நினைவிடத்தில் ஏணி ஏறிக் குகை வீடுகளைப் பார்க்கப் போகிறீர்களே, அந்தப் பூங்காவுக்காக 1939 தொடங்கிச் சில ஆண்டுகள் பியூப்லோ வாழ்க்கையை 70க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து கொடுத்தவர் அவர். டோனிட்டாவைப் போலவே, பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்.

இப்போது உங்களிடம் நேராகவே வருகிறேன்.

நம் ஊர்க் கோயிலில் கருவறை முன் நின்று யாரும் போனை நீட்டமாட்டோம். நீட்டினால் குருக்களே சத்தம் போடுவார். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்கே தடை விதிக்கச் சொன்னபோது நம்மில் பலர் சரி என்றுதான் சொன்னோம். பியூப்லோவின் நடு முற்றம் அன்றைக்கு அவர்களுக்குக் கருவறைதான். மேடையோ அரங்கமோ அல்ல. ஆடுபவர்கள் கலைஞர்களாக நமக்காக ஆடவில்லை. மழைக்காகவும் சோளத்துக்காகவும் எல்லா உயிருக்காகவும் வேண்டி ஆடுகிறார்கள். அந்த வேண்டுதலில் நாமும் அடக்கம் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால்தான் நம்மை உள்ளே விடுகிறார்கள்.

ஆகவே போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையில் வைத்துக்கொண்டு எடுக்கமாட்டேன் என்று உறுதி எடுப்பதைவிட அது சுலபம். நடனம் முடிந்ததும் கைதட்ட வேண்டாம். ஆடும் வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டாம். கீவாவின் ஏணியில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் நிற்பவரைத் துளைக்காதீர்கள். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள். யாராவது வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் போங்கள், மறுப்பது மரியாதைக் குறைவு. சாப்பிட்டு, நன்றி சொல்லி, உடனே எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள். அந்த வீடியோவோ அதைப் போன்ற வேறொன்றோ உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளிடம் ஏன் அழித்தோம் என்பதையும் சொல்லுங்கள்.

கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் திரும்புகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டால், மறுநாள் சான்டா ஃபே அருங்காட்சியகக் குன்றில் இருக்கும் பழங்குடிக் கலை, பண்பாட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நீர்வண்ணத் தாள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எல்லாப் படங்களும் எப்போதும் சுவரில் இருக்காது. எவை காட்சியில் இருக்கின்றன என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்திலும் அவா சிரேயின் படங்கள் நிறைய உண்டு. அவற்றை இணையத்தில் பெரிதாக்கியே பார்க்கலாம். அல்புகர்கியில் 19 பியூப்லோக்களுமே சேர்ந்து நடத்தும் பியூப்லோ பண்பாட்டு மையம் இருக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களுக்கென்றே அங்கே நடனம் நடக்கும்; படம் எடுக்கலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். ஓவியத்தின் முன் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஓவியரின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பியூப்லோ ஓவியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராதீர்கள். கிரெசென்சியோ மார்டினெஸ், அவா சிரே, டோனிட்டா பெனியா, ஃப்ரெட் கபோட்டி, வெலினோ ஷிஹே ஹெரேரா, பாப்லிட்டா வெலார்டே. பிக்காசோ பெயரைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு இவர்கள் பெயரும் தெரியட்டும். ஆணின் தூக்கிய காலையும் பெண்ணின் மண்ணில் பதிந்த காலையும் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பயணம் திட்டமிடுபவர்களுக்காக: கோச்சிட்டி திருவிழா ஜூலை 14. கெவா ஊரின் பெரிய சோள நடனம் ஆகஸ்ட் 4, சான்டா கிளாரா ஆகஸ்ட் 12, சான் இல்டிஃபான்சோ ஜனவரி 23. தேதி மாறாது, ஆனால் எல்லா வருடமும் வெளியாருக்குத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன் அந்தந்தப் பியூப்லோவின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இந்த வருடம் வேண்டாம் என்றால், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வருடம் வாருங்கள்.

அன்புடன்,
அல்புகர்கியிலிருந்து உங்கள் சகோதரி